எப்போதும் இரண்டாவதாக வந்த ரூபன்

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கில்பெக் கிராமத்தில் யாரும் கல்யாணம் வைத்துக்கொள்வதில்லை, யாரும் ஆடு விற்கப் போவதில்லை, முடிந்தவரை யாரும் சாவதும் இல்லை. அது ஆகஸ்ட் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூஸ்பெரிப் போட்டி.

கூஸ்பெரி என்றதும் நம்மூர் நெல்லிக்காயை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு. இடுப்புயர முள்செடியில் தொங்குகிற, தோலில் பூனைமுடி முளைத்த பழம் இது. மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சர்க்கரை போட்டு வேகவைத்து, மாவுக்குள் பொதிந்து சுட்டுத் தின்றுவிட்டு மறந்துபோவார்கள். யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் இருக்கும் கில்பெக்கில் அதை எடை போடுவார்கள். ஒற்றைப் பழத்தை, மருந்துக்கடைத் தராசில் வைத்து. எவன் பழம் கனமோ அவன்தான் அந்த வருஷத்து மனிதன். மற்றவனெல்லாம் சும்மா நடமாடிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

ரூபன் ஸ்லைட்ஹோம் ஒன்பது வருஷம் தொடர்ந்து இரண்டாவதாக வந்தவன். ரயில் பாதை செப்பனிடும் வேலை. ஆள் கம்பம் மாதிரி உயரம், வாய் அதைவிட நீளம். பாதையில் சம்மட்டி அடிக்கும்போதும் பேசுவான், சாப்பிடும்போதும் பேசுவான், கேட்க ஆள் இல்லாவிட்டால் தண்டவாளத்தோடு பேசுவான். ஒன்பது வருஷமும் முதலாவதாக வந்தவர் கொல்லர் ஜோனாஸ் ஹார்க்கர். அவர் பேசவே மாட்டார். பரிசு அறிவித்ததும் ரூபனிடம் வந்து, "நல்ல பழம் தம்பி" என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அந்த மூன்று வார்த்தையைச் செரிக்க ரூபனுக்கு மறு ஆகஸ்ட் வரைக்கும் ஆகும்.

"வேணும்னே சொல்றான் புள்ள. 'நல்ல பழமாம்.' என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறதுக்குன்னே சொல்றான்."

"மனுசன் மரியாதைக்குச் சொல்றாரு."

"மரியாதைக்குன்னா ஒரு தடவை தோத்துட்டுச் சொல்லட்டுமே!"

அவன் மனைவி அன்னிஸ் சிரிப்பாள். கல்யாணமான மூன்றாம் மாதமே தனக்குச் சக்களத்தி இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி அல்ல, பதினொரு பேர். வீட்டுக்குப் பின்னால் கல்சுவரும் வேலியும் அடைத்த தோட்டத்தில் வரிசையாக நின்றார்கள். ஜூலை மாதம் வந்துவிட்டால் ரூபன் விடியற்காலையில் செடிக்கடியில் குப்புறப் படுத்துக் கிடப்பான். ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் வைத்து, பழத்தின் அடிநுனி மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி கல் முட்டுக்கொடுத்து நிறுத்துவான். அதற்குப் பெயர் பால் கொடுப்பது. கொஞ்சம் குடித்தால் பழம் பருக்கும். கூடக் குடித்தால் தோல் வெடித்துச் சாறு ஒழுகிவிடும். ஒழுகுகிற பழத்தைத் தராசில் ஏற்ற மாட்டார்கள்; அது எத்தனை பெரிய பழமானாலும் சரி.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஜூலை பிறந்தால் ஒருவன் தோட்டத்துக்குள் இன்னொருவன் காலெடுத்து வைக்கக் கூடாது. அடுத்தவன் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினவனைக்கூடக் கில்பெக் ஒரு தடவை மன்னித்திருக்கிறது. அடுத்தவன் செடியைத் தொட்டவனை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

யுத்தம் வந்து இரண்டு வருஷம் ரூபனை யாரும் கூப்பிடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில், கல்யாணமானவர்களும் வர வேண்டும் என்று சட்டம் வந்தது. ரூபன் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் முதல் செவ்வாய் கழித்துப் போகிறேன் என்றான். அதைக் கேட்க ஒரு குழு இருந்தது. ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் தலைமை.

"காரணம்?" என்றார் கேப்டன்.

"கூஸ்பெரிங்க ஐயா."

"என்ன பெரி?"

அதற்குப் பிறகு ரூபன் இருபது நிமிஷம் பேசினான் என்றும், நடுவில் கேப்டன் இரண்டு தடவை மணியடித்தார் என்றும், அது ரூபன் காதில் விழவே இல்லை என்றும் ஊரில் சொல்வார்கள். கடைசியில், ரயில் பாதை வேலை தேசத்துக்கு அவசியம் என்று எழுதி, ஆகஸ்ட் இரண்டாம் தேதி வரைக்கும் விட்டுவிட்டார்கள். ரூபன் ஒன்றாம் தேதி போட்டியில் கலந்துகொண்டு பத்தாவது தடவையாக இரண்டாம் பரிசு வாங்கினான். "நல்ல பழம் தம்பி" என்பதையும் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை ரயிலேறினான்.

ரயிலடியில் அன்னிஸிடம் அவன் யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரோரம் நின்ற பன்னிரண்டாவது செடியைப் பற்றியே பேசினான். அது அவனே ஒட்டுச் சேர்த்து உண்டாக்கினது. மூன்று வருஷமாகக் காய்க்காமல் நின்றது. அதற்கு ராணி என்று பெயர்.

"அடுத்த வருசம் காய்க்கும் பாரு. நல்ல பழம் ஒண்ணை வச்சுக்க, பக்கத்துல துணைக்கு ஒண்ணை விடு, மிச்சத்தைக் கிள்ளிப் போட்டுடு. நான் லீவுல வந்துட்டா நான் பாத்துக்குவேன். வரலைன்னா நீ மேசைக்குக் கொண்டுபோயிடு. என் பேர்ல. சரியா?"

"உயிரைப் பத்தி ஏதாவது சொல்லேன், கிறுக்கா."

"அதுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும். நீ குருவி வராம பாத்துக்க."

ரயில் கிளம்பின பிறகும் அவன் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஏதோ கத்தினான். சாணித் தண்ணீர் என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது.

ராணுவம் கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்ட அபூர்வமான சமயங்களில் அதுவும் ஒன்று. ரயில் பாதைக்காரனை ரயில் பாதை வேலைக்கே அனுப்பியது. ஃபிளாண்டர்ஸில், சண்டை நடக்கிற இடத்துக்கும் பின்னால் இருக்கிற முகாமுக்கும் நடுவில் சின்னத் தண்டவாளம் போடுகிற கம்பெனி. முன்னால் குண்டு போகும், பின்னால் காயம்பட்டவர்கள் வருவார்கள். ரூபன் எழுதினான்:

"இங்க பாதை போடுறது நம்ம ஊரைவிட லேசு. மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கு. ஆனா காலைல நாங்க போட்டதை மத்தியானம் ஜெர்மன்காரன் பிச்சுப் போட்டுடுறான். அதனால வேலைக்குப் பஞ்சமே இல்ல. சாப்பாட்டைப் பத்திக் கேக்காத. டீயில பெட்ரோல் வாசனை வருது. சமையல்காரன்கிட்ட சொன்னேன், உன் டீயைக் குடிச்சா நானே லாரி மாதிரி ஓடிடுவேன்னு. அவன் இப்ப என்கூடப் பேசுறதில்ல. இந்தக் கம்பெனியில என்கூடப் பேசாத ஒரே ஆளு அவன்தான்."

அது முன்பக்கம். பின்பக்கம் முழுக்கச் செடிகளுக்கான உத்தரவுகள். செடிகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்ததால் ஒரு வம்பு வந்தது. "ஜெனரலோட ரெண்டு கையையும் வெட்டிடு. பிஷப்பை வேரோட பிடுங்கினாலும் பரவால்ல, இனிமே தேற மாட்டான். கர்னல் மேல சாணித் தண்ணி ஊத்து. ராணியை மட்டும் யாரும் தொடக்கூடாது" என்று எழுதியிருந்தான். சிப்பாய்களின் கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்புகிற லெப்டினன்ட் ஆஷ்டவுன் என்ற இருபத்திரண்டு வயசுப் பையன் மிரண்டுபோய் ஆளைக் கூப்பிட்டனுப்பினான். என்ன நடந்தது என்பதை ரூபனே அடுத்த கடிதத்தில் எழுதினான். விசாரணை ஒன்றரை மணி நேரம் நடந்தது. முடிவில் பழத்துக்குப் பால் கொடுக்கிற முறை லெப்டினன்டுக்கு முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையன், "ராணி எப்படி இருக்கிறாள்?" என்று வாரம் ஒரு தடவை கேட்க ஆரம்பித்தான்.

ராணி நன்றாகத்தான் இருந்தாள். மறுவருஷம் காய்த்தும் விட்டாள்; ஜூன் மாதம் அன்னிஸ் அவன் சொன்னபடி கிள்ளினாள். இரண்டு காயை மட்டும் விட்டாள். மழை படாமல் இருக்கப் பழைய குடையைக் குச்சியில் கட்டி மேலே விரித்து வைத்தாள். ஜூலை பிறந்ததும், ரூபனை இத்தனை வருஷம் கேலி செய்த அதே அன்னிஸ், விடியற்காலையில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஈரமண்ணில் குப்புறப் படுத்தாள். இரண்டு பழத்தில் ஒன்று நாளுக்கு நாள் பெருத்தது. பத்தாம் தேதி வாக்கில் புறா முட்டை. இருபதாம் தேதி சின்னக் கோழிமுட்டை. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரூபனுக்கு மட்டும் எழுதினாள்: "உன் பழம் ஜோனாஸைத் தின்னுடும்."

அந்தக் கடிதம் அவன் கைக்குப் போனதா இல்லையா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஜூலை இருபத்தாறாம் தேதி தபால்காரர் கேலப் வந்தார். வழக்கமாகத் தெருமுனையிலேயே சீட்டியடித்துக்கொண்டு வருவார். அவரும் கூஸ்பெரிக்காரர்தான், வருஷா வருஷம் மூன்றாவது. அன்றைக்குச் சீட்டி இல்லை. வாசலில் நின்று பையைத் துழாவுகிற மாதிரி துழாவிக்கொண்டே இருந்தார்.

"கேலப், கைலதான வச்சிருக்கீங்க. குடுங்க."

"உள்ள உக்காந்து படிம்மா."

"இங்கயே படிக்கிறேன்."

அச்சடித்த ஒரு தாள், அதோடு லெப்டினன்ட் ஆஷ்டவுன் எழுதிய கடிதம். காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டி பாதை உடைந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ரூபனும் இன்னும் நாலு பேரும் போய்ச் சரிசெய்தார்கள். வண்டி போய்விட்டது. அது போன பிறகு, கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. வலி தெரிந்திருக்காது என்று எழுதியிருந்தான். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அன்னிஸுக்குத் தெரியும், இருந்தாலும் நம்பிக்கொண்டாள். கடைசி வரியில் அந்தப் பையன் எழுதியிருந்தான்: "போன வாரம் முழுக்க ஏழாம் தேதிப் போட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கம்பெனி முழுக்க அந்த நாளுக்காகக் காத்திருக்கிறோம். சமையல்காரர் உட்பட."

அன்னிஸ் அழவில்லை. அழுகை வராதது அவளுக்கே பயமாக இருந்தது. கேலப்பிடம், "மணி என்ன?" என்று கேட்டாள். ஒன்பதரை என்றார். "பழத்துக்குத் தண்ணி மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

சாயங்காலம் சைலஸ் வந்தார். மளிகைக்கடைக்காரர், கூஸ்பெரிச் சங்கத்தின் செயலாளர், கில்பெக்கிலேயே பெரிய தொப்பை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அன்னிஸ், கேக்கறதுக்கு இது நேரமில்ல. ஆனா சங்கத்து நோட்டுல ஒரு விதி இருக்கு."

"சொல்லுங்க."

"உறுப்பினர் காலமாயிட்டா பேரை அடிச்சுடணும். பேர் இல்லாதவன் பழம் மேசைக்கு வரக்கூடாது. நான் எழுதின விதி இல்லம்மா. எங்க தாத்தா காலத்துது."

"எப்ப அடிக்கணும்?"

"சேதி தெரிஞ்ச அன்னைக்கே."

அன்னிஸ் அவரையே பார்த்தாள். "அவன் வேற எதுவுமே கேக்கல சைலஸ். பழம் மேசைக்குப் போகணும், அவன் பேர்ல. அது ஒண்ணுதான் கேட்டான். நான் சரின்னுட்டேன்."

சைலஸ் வெகுநேரம் தொப்பியைச் சுற்றினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் கண்ணாடி காணாமப் போயிடுச்சும்மா. கண்ணாடி இல்லாம அந்த நோட்டைப் படிக்க முடியாது, பேரைக் கண்டுபிடிச்சு அடிக்கவும் முடியாது. ஏழாந் தேதி சாயந்தரத்துக்கு மேலதான் கிடைக்கும்னு தோணுது."

வாசல்படி தெரியாத மாதிரி தடவித் தடவி இறங்கிப் போனார். தெருவில் ஆள் இல்லாத இடத்தில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டதை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் ஜெபக்கூடத்தில் ரூபனுக்கு நினைவு ஆராதனை. கில்பெக் மெதடிஸ்டுகள் ஓய்வுநாளில் ஒரு வேலையும் செய்ய மாட்டார்கள். கிணற்றில் தண்ணீர்கூட இறைக்க மாட்டார்கள்; சனிக்கிழமையே எடுத்து வைத்துவிடுவார்கள். ஜோனாஸ் ஹார்க்கர் ஒரு தடவை ஜமீன் வீட்டுக் குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை லாடம் அடிக்க மறுத்து, அந்த வீட்டு வேலையையே இழந்தவர். அன்னிஸும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனாலும் அன்று காலை கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தட்டில் பாதியளவு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஆராதனைக்கு வந்தாள். அதுதான் கடைசித் தண்ணீர். "பறிக்கிறதுக்கு முந்தின சாயங்காலம் செடிகிட்டப் போகாத, பழம் கூச்சப்படும்" என்று ரூபன் எழுதியிருந்தான். திங்கள்கிழமை காலை சாட்சிகள் முன்னால் பறித்துப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போடுவது சங்கத்து முறை.

பிரசங்கியார் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். ரூபனை ஒரு நாளும் பார்த்ததில்லை. "நம்முடைய சகோதரர் மௌனத்தின் உருவமானவர்" என்று ஆரம்பித்தார். ஜெபக்கூடம் முழுவதும் இருமியது. "வாய் திறந்து தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்" என்றார். அன்னிஸ் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, பாவம் அழுகிறாள் என்று பின்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

பிரசங்கம் நீண்டது. கால் மணி நேரத்தில் பின்னால் ஒருவருக்கு இருமல் வந்து கதவு கிரீச்சிட்டது. அன்னிஸ் திரும்பிப் பார்த்தாள். ஜோனாஸ் வெளியே போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கேலப் எழுந்து போனார். கேலப் வந்ததும் சைலஸ் போனார். மூன்று பேரும் எங்கேயும் போகாத முகத்தோடு, வேத புத்தகத்தில் கண்ணை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்னிஸுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரு மனிதன் செத்திருக்கிறான். ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை இவர்களால். வெளியே போய்ப் புகையிலை இழுத்துவிட்டு வருகிறார்கள். ரூபன் இவர்களுக்கு என்னவாக இருந்தான்? வருஷா வருஷம் கலாட்டா செய்துவிட்டு இரண்டாவதாக வருகிற ஒரு வாயாடி, அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆராதனைக்குப் பிறகு அவள் வீட்டில் எல்லாருக்கும் தேநீரும் வேகவைத்த பன்றித்தொடைக் கறியும் கொடுத்தார்கள். உடம்பே வந்து சேராத சாவுக்குப் பன்றித்தொடை உண்டா இல்லையா என்று பெண்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்து, உண்டு என்று முடிவாகியிருந்தது. அந்த மூன்று பேரும் மூலைக்கு ஒருவராக நின்று தின்றார்கள். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளும் அவர்களுக்கு இரண்டாவது துண்டு வைக்கவில்லை.

திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு சைலஸ் பெட்டியும் அரக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். சாட்சிகள் ஜோனாஸும் கேலப்பும். அன்னிஸ் தோட்டத்துக் கதவைத் திறந்து அவர்களைக் கூட்டிப்போனாள். குடையை விலக்கினாள்.

பழம் மேலிருந்து கீழ்வரைக்கும் பிளந்திருந்தது. கோழிமுட்டையளவு சிவப்புப் பழம், உள்ளே இருந்த விதையெல்லாம் தெரிய, சொட்டுச் சொட்டாகத் தட்டுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது.

சைலஸ் பெட்டியைத் தரையில் வைத்தார்.

"தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் கேலப், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் பாதித் தட்டுதான் ஊத்தினேன்" என்றாள் அன்னிஸ். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பாதித் தட்டு. அளந்து ஊத்தினேன்."

தட்டு விளிம்புவரை நிறைந்து வழிந்திருந்தது. செடியடி மண் சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றில், படுத்துப் பால் கொடுக்கிறவன் ஊன்றுகிற இடத்தில், முழங்கால் குழிகள். ஒரு ஜோடி அவளுடையது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. சுவரோரமாக, இரண்டு பூசணிக்காயைப் புதைத்து எடுத்த மாதிரி அகலமாக நான்காவது ஜோடி.

அன்னிஸ் மெல்லத் திரும்பி சைலஸின் முழங்காலைப் பார்த்தாள்.

"சைலஸ்."

"ஒரே ஒரு குவளைதாம்மா" என்றார் சைலஸ். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "நேத்து பிரசங்கத்து நடுவுல வேலியில நுழைஞ்சு வந்தேன். நீ ஓய்வுநாள்னு தண்ணி ஊத்தாம விட்டுட்டிருப்பியேன்னு…"

"நீ எப்பய்யா வந்த?" என்று கேலப் பாய்ந்தார். "நான்தான் ஊத்திட்டுப் போனேனே! தட்டு நிறைய இருந்திருக்குமே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"என் கண்ணாடிதான் காணாமப் போச்சே!"

"நீங்களும் வந்தீங்களா?" என்றாள் அன்னிஸ்.

கேலப் காது நுனிவரை சிவந்தார். "சாவியை நீ எங்க வைப்பேன்னு எனக்குத் தெரியும்மா. ரூபன் பார்சலுக்கெல்லாம் சொல்லி வச்சிருந்தான். ஒரு சின்ன டப்பா தண்ணிதான். ஆட்டுச்சாணி கொஞ்சம் கலந்தது. என் சொந்தக் கலவை, அதை நான் என் பெண்டாட்டிக்கே சொன்னதில்ல."

மூவரும் ஜோனாஸைப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு வயசு மனிதர். இடது கையில் கல்சுவர் உராய்ந்த சிராய்ப்பு புதிதாக இருந்தது.

அழுகை வருகிறது என்று அன்னிஸ் நினைத்தாள். வந்தது சிரிப்பு. அந்த மனிதர் கோட்டும் தொப்பியுமாகச் சுவர் ஏறிக் குதித்ததை நினைத்தாள். சைலஸ் வேலிக்குள் சிக்கிக்கொண்டு திணறியிருப்பதை நினைத்தாள். அந்தப் பிரசங்கியார் அங்கே மௌனத்தின் மகிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து ரூபனின் பழத்தை முக்கிக் கொன்றிருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்கள் மாதிரி நின்றார்கள்.

"உங்களுக்கு என்ன கேடு மிஸ்டர் ஹார்க்கர்?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஓய்வுநாள்ல லாடம் அடிக்க மாட்டீங்க. உங்க பழத்தைவிட இது பெருசுன்னு பாத்ததும் தெரிஞ்சிருக்கும். பேசாமப் போயிருந்தா பத்தோட பதினொண்ணா இந்த வருசமும் நீங்கதான்."

ஜோனாஸ் தொப்பியைக் கழற்றினார்.

"பத்து வருசம் அவனைத் தோக்கடிச்சேன்" என்றார். "அவன் மறுபடி வருவான், மறுபடி கத்துவான்னு தெரியும். அதனால தோக்கடிச்சேன். இனி வர மாட்டான். ஒரே ஒரு தடவை அவன்கிட்டத் தோத்துடணும்னு நெனச்சேன்மா. அதையும் கெடுத்துட்டேன்."

அந்த மனிதர் அவ்வளவு பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. அன்னிஸின் சிரிப்பு அப்படியே நின்றது. கடிதம் வந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அவள் அடக்கவில்லை. அந்த மூவரும் அவளைத் தேற்றத் தெரியாமல், தேற்றாமல் போகவும் தெரியாமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவில் நின்றார்கள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். ராணியின் பின்பக்கத்துக் கிளையில் துணைக்கு விட்ட பழம் இருந்தது. யாரும் பால் கொடுக்காததால் குருவி முட்டையளவுதான் இருந்தது.

"இதைப் பறிங்க" என்றாள்.

"அன்னிஸ், இது…" என்று சைலஸ் இழுத்தார்.

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப பெட்டில வைங்க. முத்திரை போடுங்க."

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. இருபத்து மூன்று பழங்கள் தட்டுகளில் வரிசையாக இருந்தன. சைலஸ் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, ஊசி நிற்கும் வரைக்கும் காத்திருந்து எழுதினார். கண்ணாடி இல்லாத ஆள் இத்தனை பொடி எழுத்து எப்படி எழுதுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு கனத்த பழத்திலிருந்து லேசான பழம்வரை பெயர்களை வாசித்தார். பெயர் கூப்பிட்டதும் அந்த ஆள் "இருக்கேன்" என்று சொல்லி எழுந்து போய்ப் பழத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். ஜோனாஸ் ஹார்க்கர் முதல். "இருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய், தண்டனை வாங்குகிறவர் மாதிரி பரிசை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாவது கேலப். வாழ்க்கையில் முதல் தடவை இரண்டாவதாக வந்தவருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இரண்டாவது இடம் இன்னொருவனுக்குச் சொந்தமானது என்று அவர் முகம் சொல்லியது.

ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. சைலஸ் தொண்டையைச் செருமினார்.

"இருபத்தி மூணு. ரூபன் ஸ்லைட்ஹோம்."

அன்னிஸ் எழுந்தாள். தான் பதில் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்து வைத்திருந்தாள். எழுந்து நின்றதும் வார்த்தை வரவில்லை.

"இருக்கான்" என்றார் முன்வரிசையில் ஜோனாஸ்.

"இருக்கான்" என்றார் கேலப்.

அதற்குப் பிறகு யார் யார் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் நடந்து போய், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். நோட்டில் ரூபன் பெயருக்கு நேரே எடை எழுதியிருந்தது. அடிக்கப்படாத பெயர். கடைசி இடம்.

கடைசி இடம்! இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பக்கமே போனதில்லை. இதை மட்டும் அவன் கேட்டிருந்தால் மேசையைப் புரட்டியிருப்பான். தராசைக் கொண்டா என்றிருப்பான், செயலாளரை மாத்து என்றிருப்பான், தொண்டை கட்டுகிறவரைக்கும் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து விடியவிடியப் புலம்பியிருப்பான். அந்தக் கத்தல் அப்படியே அன்னிஸ் காதில் கேட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பழத்தைக் கையில் மூடிக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய வழிய அவள் சத்தமாகச் சிரித்தாள்.